மூன்று டாக்டர், மூன்று முடிவு: என் ஈறுக்கு என்னதான் நோய்?

நாமக்கல் பக்கம் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதும் 41 வயது வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்றரை வருடமாகப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. மேல் முன்பற்களின் நடுவே ஈறு குமிழ் மாதிரி உப்பியிருக்கிறது. அந்தப் பற்களுக்கு இடையே முன்பு இல்லாத ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. கீழே இரண்டு முன்பற்கள் லேசாக ஆடுகின்றன. ஆறு வருடமாகச் சுகர். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.4. இரண்டு வருடமாகப் பிரஷருக்கு ஆம்லோடிபின் மாத்திரை. முதலில் பார்த்த பல் டாக்டர் கிளீனிங் செய்து, வாய் கொப்புளிக்க மருந்து கொடுத்து "சரியாகிவிடும்" என்றார். இரண்டு மாதம் நன்றாக இருந்து மறுபடி ரத்தம் வந்தது. இரண்டாமவர் ஓபிஜி, அதாவது வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு கரைந்துவிட்டது, வாய் முழுக்க லேசர் ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று 60,000 ரூபாய் கேட்டார். மூன்றாமவர், ஆடும் இரண்டையும் பிடுங்கிவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றார். நடுவில் மருந்துக் கடையில் சொல்லி மூன்று முறை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அவருடைய அம்மாவுக்கு 50 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. "எனக்கும் அதே வாகுதானா? மூன்று பேரில் யார் சொன்னது சரி? சந்தேகமே இல்லாமல் தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஏதாவது உண்டா? கிளீனிங் செய்ததால்தான் பல் ஆடுகிறது என்கிறார்கள், உண்மையா? என் கணவர் ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிக்கிறார், அவருக்கு ஒரு சொட்டு ரத்தம் வருவதில்லையே?" இவை அவருடைய கேள்விகள். ஓபிஜி படத்தைச் செல்போனில் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேரில் யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மூவரும் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன நோய், எந்தெந்தப் பல்லில், எவ்வளவு ஆழத்துக்கு என்று ஒருவரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் கணக்கு எழுதுகிறவர். குடோனில் இருப்பு எடுக்காமலே ஒருவர் "சரக்கு போதும்" என்கிறார், இன்னொருவர் "மொத்தமாகக் கொள்முதல் செய்" என்கிறார், மூன்றாமவர் "கடையையே மூடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்கலாம் என்று யோசிப்பீர்களா, இருப்பு நோட்டு எங்கே என்று கேட்பீர்களா? உங்கள் வாயில் இன்னும் இருப்பு எடுக்கவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

அந்த மூன்று டாக்டர்களையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூவர் சொன்னதிலும் ஏதோ ஒரு பங்கு உண்மை இருக்கலாம். ஆனால் எந்தப் பங்கு என்பது அளந்தால்தான் தெரியும். நானும் உங்கள் வாயைப் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். எப்படி அளக்க வேண்டும், அளந்த பிறகு என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. ஈறில் வரும் அழற்சி இரண்டு தளத்தில் இருக்கும். மேல் தளத்தில், ஈறின் ஓரம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். இதை ஜிஞ்சிவைட்டிஸ் என்கிறோம். இது முழுக்கத் திரும்பக் கூடியது. 1965-இல் ஹாரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் பல் நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிட்டது. பல்லின் மேல் மாவு மாதிரி படியும் படலத்தில் இருக்கும் கிருமிகள்தான் காரணம் என்று அதன் மூலம் நிரூபித்தார்கள். கீழ்த் தளத்தில், அதே அழற்சி உள்ளே இறங்கி, பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நாரையும் அந்த எலும்பையும் அரிக்கும். இது பெரியோடான்டைட்டிஸ். நம் ஊரில் பயோரியா என்று சொல்வது இதைத்தான். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது; நோயை அந்த இடத்திலேயே நிறுத்தலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதே சிவப்பு, அதே ரத்தம். கண்ணாடியில் நீங்கள் பார்ப்பதும், டாக்டர் லைட் போட்டு அரை நிமிடம் பார்ப்பதும் இந்த இடத்தில் போதாது.

அளவுக்கம்பி

ஈறு நோயைக் கண்டுபிடிக்கும் முக்கியக் கருவி ஒரு மெல்லிய கம்பி. நுனி கூராக இருக்காது. உடம்பில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். புரோப் என்போம். பல் மருத்துவக் கல்லூரிகளில் பழகும் வில்லியம்ஸ் புரோப்பில் 4, 6 என்ற கோடுகள் இருக்காது. எல்லாக் கோட்டையும் நெருக்கமாகப் போட்டால் வாய்க்குள் எண்ண முடியாமல் கண் குழம்பும் என்று இரண்டை விட்டுவிட்டார்கள். படிக்கும் காலத்தில் "நாலைக் காணோமே சார்" என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளானவர்களில் நானும் ஒருவன்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சின்ன இடுக்கு உண்டு. நல்ல ஈறில் கம்பி 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கும். நோய் இருந்தால் அந்த இடுக்கு ஆழமாகிப் பையாகிறது. அதைத்தான் பாக்கெட் என்கிறோம். ஒவ்வொரு பல்லிலும் கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று என ஆறு இடத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். 28 பல் இருந்தால் 168 எண்கள். டாக்டர் "மூணு, ரெண்டு, அஞ்சு" என்று சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார். எந்த இடத்தில் கம்பியை எடுத்ததும் ரத்தம் வந்தது, எங்கே சீழ் வந்தது, எந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது, கடைவாய்ப் பல்லில் வேர் பிரியும் கவட்டைக்குள் கம்பி நுழைகிறதா, எல்லாம் அதே தாளில் ஏறும். இருபது நிமிடமாவது ஆகும். கம்பியை 20, 25 கிராம் எடைக்குமேல் அழுத்தக் கூடாது. நகக்கண்ணில் வைத்தால் வலிக்காத அளவு என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். வீங்கிய ஈறில் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

அளந்த இடங்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக ரத்தம் வந்து, எந்த இடமும் 3 மி.மீ.-க்கு மேல் போகாமல், பல்லுக்கு எலும்போடு இருக்கும் பிடிமானமும் இறங்காமல் இருந்தால் ஈறு நலம் என்று எழுதலாம். ரத்தம் அதற்கு மேல் இருந்து ஆழம் மட்டும் 3-க்குள் இருந்தால் ஜிஞ்சிவைட்டிஸ்.

முதல் தடவை வருகிற எல்லோருக்கும் 168 எண்ணும் எடுக்க வேண்டும் என்பதில்லை. நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு வைத்த ஒரு புரோப் இருக்கிறது. அதன் கறுப்புப் பட்டை 3.5 மி.மீ.-இல் தொடங்கும். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, பட்டை ஈறுக்குள் மறைகிறதா என்று ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். மறைந்தால் முழு அளவெடுப்புக்குப் போக வேண்டும். உங்களுக்குப் பல் ஆட்டமும் புது இடைவெளியும் இருப்பதால் நேராக முழு அளவெடுப்புதான்.

கிணறும் கைப்பிடிச் சுவரும்

உங்கள் விஷயத்தில் மிக முக்கியம் என்று நான் நினைப்பது இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பாக்கெட் ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. கிணற்று ஆழத்தைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து அளந்தால் ஒரு கணக்கு, தரைமட்டத்திலிருந்து அளந்தால் வேறு கணக்கு. ஈறு வீங்கி உயர்ந்திருந்தால் சுவர் உயர்ந்த மாதிரி. கம்பி 6 மி.மீ. இறங்கும், டாக்டரும் நோயாளியும் பயந்துபோவார்கள். அதில் 3 மி.மீ. வெறும் வீக்கமாக இருக்கலாம். மாறாக ஈறு கீழே இறங்கிப்போயிருந்தால் கம்பி 3 மி.மீ.தான் காட்டும், ஆனால் ஈறே 4 மி.மீ. இறங்கியிருந்தால் அந்தப் பல் மொத்தம் 7 மி.மீ. பிடிமானத்தை இழந்திருக்கிறது.

பல்லுக்குத் தரைமட்டம் எதுவென்றால், எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோடு. அங்கிருந்து அளப்பதைப் பிடிமான இழப்பு என்கிறோம். நோயின் உண்மையான அளவு அதுதான். உங்களுக்கு மேல் முன்பல்லில் வீக்கம், கீழ் முன்பல்லில் ஆட்டம். ஒரே வாயில் ஒரு பக்கம் உயர்ந்த சுவர், மறுபக்கம் இறங்கிய சுவர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டையும் சேர்த்து "வாய் முழுக்க" என்று ஒரே சொல்லில் முடிப்பது சரியில்லை.

பிரஷர் மாத்திரையை யாராவது விசாரித்தார்களா?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஆம்லோடிபின் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நின்றுவிட்டேன். சிலருக்கு அந்த மாத்திரை ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். பெரும்பாலும் முன்பற்களுக்கு நடுவே இருக்கும் முக்கோண ஈறில்தான் தொடங்கும், குமிழ் மாதிரி. நீங்கள் எழுதியிருக்கும் அதே சொல். மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் இது வராது. பல்லில் படலம் தங்கியிருந்தால் வீக்கம் கூடும்.

உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பல் டாக்டரிடமும் மாத்திரைச் சீட்டைக் காட்டியதாகக் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் எகிறினால் அது ஈறை விடப் பெரிய ஆபத்து. மாத்திரை கொடுத்த டாக்டரிடம், "ஈறு தடிக்கிறது, வேறு மாற்ற முடியுமா" என்று கேளுங்கள். வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு வீக்கம் தணிய மாதக்கணக்கில் ஆகலாம். அதற்கு முன்பே கத்தி வைத்தால், காரணம் அப்படியே இருக்கும்போது விளைவை வெட்டி எடுத்த கதையாகிவிடும், திரும்ப வளரும்.

நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கக் கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு மட்டம் இறங்கியிருப்பது தெரிகிறது. ஆகவே இரண்டாவது டாக்டர் இல்லாததைச் சொல்லவில்லை. வெறும் மேலோட்டமான ஈறு வீக்கம் என்று இதை விட்டுவிட முடியாது. ஆனால் எது ஆடுகிறதோ, எதைப் பிடுங்கச் சொல்கிறார்களோ, அந்தக் கீழ் முன்பற்கள் இருக்கும் இடம் மங்கலாக இருக்கிறது. ஓபிஜியில் இது வழக்கம்தான்; கழுத்தெலும்பின் நிழல் அங்கே வந்து விழும். அந்த இடத்துக்குச் சின்ன ஃபிலிம் வைத்துத் தனியாக எடுக்கும் எக்ஸ்ரேதான் பேசும்.

இன்னொன்று. எக்ஸ்ரே நேற்றைய கதையைச் சொல்லும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறதா என்று காட்டாது. எலும்பில் மூன்றில் ஒரு பங்குச் சுண்ணச் சத்தாவது குறைந்தால்தான் படத்தில் வித்தியாசமே கண்ணுக்குப் படும். ஆகவே எக்ஸ்ரேயில் நன்றாக இருக்கிறது என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. கம்பியும் படமும் சேர்ந்துதான் தீர்ப்பு.

ரத்தப் பரிசோதனை கேட்டீர்கள். ஈறு நோயை இது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. எச்சிலை வைத்துச் சோதிக்கும் முறைகள் சில வந்திருக்கின்றன. அவை அளவுக்கம்பிக்கு மாற்றாக நிற்கும் நிலையில் இல்லை. ஆனால் ரத்தம் எடுப்பது வேறு இரண்டு காரணத்துக்குத் தேவை. ஒன்று, சுகர். இரண்டு, ஈறு வேறு ஏதோ நோயின் வாசலாக இருந்தால் அதைப் பிடிக்க. துலக்காமலே தானாக ரத்தம் கசிவது, கூடவே காய்ச்சல், உடம்பில் காரணமில்லாத நீலத் திட்டு, சோர்வு, எடை குறைவது இருந்தால் ரத்த அணுக்கள் எண்ணிக்கையை அன்றைக்கே பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் சில சமயம் முதலில் ஈறில்தான் தலைகாட்டும். ஈறு தோல் உரிவது போல் உரிந்து எரிந்தால் லைக்கன் பிளானஸ், பெம்பிகஸ் போன்ற தோல் சார்ந்த நோய்களா என்று சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தாலும் அப்படியே. உங்கள் கடிதத்தில் இவற்றின் அறிகுறி எதுவும் இல்லை. இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சுகர் கணக்கு

2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சிகாகோவில் கூடி ஒரு புது வகைப்பாட்டை உருவாக்கி, அடுத்த ஆண்டு வெளியிட்டன. அதன்படி பெரியோடான்டைட்டிஸுக்கு இரண்டு முத்திரை உண்டு. எவ்வளவு சேதம் என்பது ஸ்டேஜ், 1 முதல் 4 வரை. பிடிமான இழப்பு மிக மோசமான இடத்தில் 1–2 மி.மீ. என்றால் முதல் ஸ்டேஜ், 3–4 என்றால் இரண்டாவது, 5-ம் அதற்கு மேலும் என்றால் மூன்றாவதோ நான்காவதோ. இந்த நோயால் ஐந்து பல்லோ அதற்கு மேலோ போய், மெல்லவே சிரமம் என்றால் நான்கு. எவ்வளவு வேகம் என்பது கிரேடு. ஏ, பி, சி.

வேகத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி: எலும்பு எத்தனை சதவீதம் போயிருக்கிறதோ அதை வயதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, வேரின் நீளத்தில் 30 சதவீத அளவுக்கு உங்களுக்கு எலும்பு இறங்கியிருந்தால், 30-ஐ 41-ஆல் வகுத்தால் 0.73. இது 0.25-க்கும் 1-க்கும் நடுவே இருப்பதால் கிரேடு பி, மிதமான வேகம். ஆனால் மூன்று மாதச் சராசரி 7-ம் அதற்கு மேலும் இருந்தால் சி-க்கு ஏற்றிவிட வேண்டும் என்பது விதி. உங்களுடையது 8.4.

சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும் என்பது பலருக்கும் தெரியும். திருப்பியும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. ஈறை ஒழுங்காகச் சுத்தப்படுத்திச் சிகிச்சை கொடுத்தால் மூன்று, நான்கு மாதத்தில் அந்தச் சராசரி 0.3, 0.4 அளவுக்கு இறங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 8.4-ஐ அது 7 ஆக்கிவிடாது. சாப்பாடு, மாத்திரை, நடை எல்லாம் வேண்டும். ஆனாலும் உங்கள் சுகர் டாக்டர் இந்தச் செய்தியை வரவேற்பார்.

சரி, மூன்று பேர் சொன்னதுக்கு வருவோம்

முதல் டாக்டர் செய்த கிளீனிங் தவறில்லை. எந்த ஸ்டேஜாக இருந்தாலும் சிகிச்சை அங்கேதான் தொடங்கும். ஆனால் வெளியே தெரியும் காரையை, அதாவது பல்லில் கெட்டிப்பட்ட படலத்தை எடுப்பது வேறு, பாக்கெட்டுக்குள் வேரில் ஒட்டியிருக்கும் காரையை எடுப்பது வேறு. இரண்டாவதுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். உங்களுக்கு ஒரே தடவையில் இருபது நிமிடத்தில் முடிந்ததாக எழுதியிருப்பதால், உள்ளே செய்யவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் சரியாகித் திரும்பி வந்ததற்கு அது பொருந்துகிறது. செய்துவிட்டு மறுபடி அளக்க அழைக்காதது இன்னொரு குறை.

இரண்டாவது டாக்டர் சொன்ன ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் அதை முதல் நாளே முடிவு செய்ய முடியாது. உள்ளே சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கம்பியால் அளந்து, அப்போதும் 6 மி.மீ.-க்குக் குறையாமல் நிற்கும் இடங்கள் இருந்தால் அங்கே மட்டும் ஈறைத் திறந்து பார்க்கலாம். இதுதான் 2020-இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின் வரிசை. பல இடங்கள் அதற்குள் சுருங்கி 4-க்கு வந்திருக்கும். 60,000 ரூபாய் வேலை ஒன்றிரண்டு பல்லோடு முடிந்துவிடலாம், முடியாமலும் போகலாம். லேசரைப் பொறுத்தவரை, வழக்கமான சுத்தத்தோடு அதைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம் என்றுதான் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. லேசர் என்ற சொல்லுக்காக யாரும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது யோசனைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது, அதனால் அந்த முடிவு வரிசையில் கடைசியாக வர வேண்டும். லேசான ஆட்டம் மட்டும் பல்லைப் பிடுங்கக் காரணமாகாது. அழற்சி தணிந்தாலே சில பற்கள் கெட்டிப்படும். கடி சரியில்லாமல் ஒரே பல்லில் பாரம் விழுந்தாலும் ஆடும். வேருக்குள் நரம்பு செத்திருக்கிறதா என்று குளிர் வைத்துச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அது வேறு நோய், வேறு சிகிச்சை. மேலும் கீழுமாகவே பல் ஆடுகிறது, வேரின் நுனி வரை எலும்பு கரைந்துவிட்டது என்றால் அப்போது பேசலாம். இம்ப்ளான்டும் இதே ஈறில்தான் நிற்க வேண்டும். ஈறு நோயைக் கவனிக்காமல், சுகரும் 8.4-இல் இருக்கும்போது வைத்தால், இம்ப்ளான்டைச் சுற்றியும் இதே அழற்சி வர வாய்ப்பு அதிகம்.

மருந்துக் கடை ஆன்டிபயாடிக்கை இத்தோடு விட்டுவிடுங்கள். கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை மாத்திரை உள்ளே சரியாகப் போகாது. நாலு நாள் அடங்கும், நோய் உள்ளே ஓடும், அடுத்து அளக்கும் டாக்டருக்கும் படம் தெளிவாக இருக்காது.

கிளீனிங் பல்லை ஆட்டுமா என்றால், இல்லை. காரை பற்களுக்கு நடுவே சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டு ஏற்கெனவே ஆடும் பல்லைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டமும் சந்தும் வெளியே தெரியும். ஈறு வீக்கம் வற்றும்போதும் சந்து பெரிதாகத் தோன்றும். சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் துலக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது தலைகீழ். ரத்தம் வருகிற இடத்தில்தான் படலம் இருக்கிறது. மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் நிதானமாகத் துலக்க வேண்டும். பல்லிடுக்குக்கு என்றே விற்கும் குட்டி பிரஷ்ஷை, எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

ஈறு மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவர், அதாவது பெரியோடான்டிஸ்ட், ஒருவரைப் பாருங்கள். பக்கத்தில் இல்லையென்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே மேற்படிப்பு மாணவர்கள் 168 எண்ணையும் பொறுமையாக எடுப்பார்கள், மேலே ஒரு பேராசிரியர் சரிபார்ப்பார். செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

கையில் மாத்திரைச் சீட்டு, சுகர் ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே இருக்கட்டும். முன்பு பார்த்த இடங்களில் எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் கேட்டால் தர மறுக்கக் கூடாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் பதிவேட்டு நகல் பெறும் உரிமையும், வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையும் இருக்கின்றன. சண்டை போடத் தேவையில்லை, "வேறு ஊரில் காட்டணும்" என்று சொன்னாலே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

புதிதாகப் பார்க்கும் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "எனக்கு எந்த ஸ்டேஜ், எந்த கிரேடு? எந்தப் பல்லில் எத்தனை மி.மீ.? மறுபடி எப்போது அளப்பீர்கள்?" நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அளந்த தாளைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எடுப்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வரவா செலவா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அம்மாவின் கதை

உடம்பின் வாகு என்று ஒன்று இருப்பது உண்மைதான். அதே ஹாரால்ட் லோ குழு 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ அவர்களை எட்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் பல்லில் படலம், எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் படுவேகமாக ஓடியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. வாகு என்று உங்கள் வீட்டில் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஆனால் அந்த மனிதர்களுக்கு யாரும் அளந்து சொல்லவில்லை, சிகிச்சையும் இல்லை. உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆடினால் பிடுங்குவது, மிச்சம் இருப்பது ஆடும்வரை காத்திருப்பது, அந்தக் காலத்தில் அதுதான் பல் வைத்தியம். வேகமான வாகு உங்களுக்கு வந்திருந்தால், அடிக்கடி அளந்து அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கும். 50 வயதில் பல்செட் என்று இப்போதே எழுதி வைத்துவிட வேண்டாம்.

கடைசியாக உங்கள் கணவர். ரத்தம் வராததால் தன் ஈறு நல்ல ஈறு என்கிறார். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, எச்சரிக்கை மணியை அமுக்கிவிடுகிறது. வெளுத்து, கெட்டியாக, பார்க்க நன்றாகவே இருக்கும் ஈறுக்கு அடியில் 7 மி.மீ. பாக்கெட்டை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். நாளைக்குப் பத்தும் அதற்கு மேலும் சிகரெட் என்றாலே கிரேடு சி-க்கு ஏற்றும் விதி அவருக்கும் உண்டு. நீங்கள் அளக்கப் போகிற அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "துணைக்கு வாங்க" என்று சொன்னால் வருவார். வந்த பிறகு அவரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள்.